எப்படி உடைந்தது

மாவுக்கட்டு அறையில் வேலை பார்க்கிறவளுக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான். அந்த ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் முதல் எலும்பு டாக்டர் வரை எல்லாரும் அவளை நேரில் 'அக்கா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'வெடி' என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். "நமத்துப்போன வெடின்னு சொல்லாத வரைக்கும் எனக்குச் சரிதான்" என்று சொல்லிவிட்டு வாளியில் வெந்நீரை ஊற்றுவாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் ஆளாக வந்தது ஒரு பத்தாம் வகுப்புப் பெண். நீலச் சீருடை, இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கூடவே அவளுடைய அம்மா, கையில் எக்ஸ்ரே உறை.

"எப்படிம்மா விழுந்தே?"

"பெஞ்சுலேர்ந்து, அக்கா."

"பெஞ்சு என்ன மாடி உயரமா?"

"இல்லக்கா. ஃப்ரெண்டு ஜோக் சொன்னா. சிரிச்சுக்கிட்டே பின்னாடி சாஞ்சேன்."

"நல்லாயிருக்குடி! சிரிச்சதுல எலும்பு உடைஞ்சதுன்னு நான் கட்டு மேல எழுதணுமா?"

எழுதத்தான் வேண்டும். அந்த அறையின் வழக்கம் அது. கட்டு இறுகியதும் அழியாத மையால் அதன் மேலேயே நான்கு வரி எழுதுவார்கள். என்ன தேதி, எந்த எலும்பு, எப்படி உடைந்தது, யார் கட்டியது. காகிதம் தொலைந்துபோகும், கட்டு தொலையாது என்று முன்பிருந்த யாரோ ஆரம்பித்தது. மூன்றாவது வரியில் அவள் பார்க்காத சங்கதி இல்லை. ஏணி, மோட்டார் சைக்கிள், குளியலறை, ஒரு தடவை மாமியார்கூட. ஆனால் இந்த மூன்று வாரமாக மூன்றாவது வரியைப் பார்த்தால் அவளுக்கே எரிச்சல் வந்தது. பெஞ்சு. படி. பை தடுக்கியது. கதவில் கை ஊன்றியது. ஏழு பிள்ளைகள், எல்லாரும் அதே நீலச் சீருடை.

அது அவள் மகள் படிக்கிற பள்ளிக்கூடம்.

"காலைல என்ன சாப்பிட்டே?"

"நேரமில்லக்கா."

"பால் குடிப்பியா?"

"வாசனை பிடிக்காது."

"முட்டை? மீன்? கீரை?" மூன்றுக்கும் அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "அப்போ எதைத் தின்னுதான் உயிரோட இருக்கே?"

"ட்யூஷன்ல சிப்ஸும் கோலாவும் வாங்கிக்குவா" என்றாள் அம்மா, ஏதோ சாதனை மாதிரி. "குண்டாயிடுவேன்னு ராத்திரி சாப்பாட்டையும் பாதியில வெச்சிடுவா."

அவ்வளவுதான், வெடி வெடித்தது. பஞ்சைச் சுற்றியபடியே பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, எலும்பு என்ன காத்துல விளையுதா? உள்ள ஒண்ணும் போடலை, வெயிலைக் காட்டலை, ஓடலை, குதிக்கலை. ஒரு சிரிப்புக்குத் தாங்கலை பாருங்க! ஸ்கூல்ல விளையாட்டு வகுப்புன்னு ஒண்ணு இருக்கே, அந்த பி.டி. வாத்தியார் என்ன, விசிலை ஊதிட்டுத் தூங்கிடுறாரா? அவரை ஒரு நாள் நேர்ல பாத்து நாலு வார்த்தை கேக்கணும்!"

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை. மாவு ஈரமாக இருக்கும்போதே உள்ளங்கையால் அழுத்தி வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு நாலைந்து நிமிடம்தான் கிடைக்கும். அப்போது அவள் வேறு எதையும் பார்க்க மாட்டாள்.

அவர்கள் போனதும் வரவேற்பு மேசைக்காரி தலையை நீட்டினாள். "அக்கா, கோபமா இருக்கீங்களா?"

"கோபமா இல்லாதப்போ வரணும்னா நீ ரிட்டையர் ஆயிடுவே. என்ன வேணும், சொல்லு."

"பொண்ணுக்கு ஒரு சீட்டு. போன வருஷம் குடுத்தது தேதி முடிஞ்சுபோச்சாம். ஸ்கூல்ல புதுசு கேக்கிறாங்க."

அவள் முனகிக்கொண்டே இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே எலும்பு டாக்டரின் சீட்டுப் புத்தகம் இருந்தது. 'ஒரு நாள் ஓய்வு', 'கட்டு நனையக் கூடாது' என்று ஒவ்வொன்றுக்கும் தன்னைக் கூப்பிட வேண்டாமென்று அவர் சனிக்கிழமைதோறும் இருபது தாளில் வெறும் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவார். மேலே எழுதுவது அவள்தான். மளமளவென்று எழுதினாள்: 'முழங்கால் வலி. ஓர் ஆண்டுக்கு விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு.'

"அந்த நேரத்துல உக்காந்து நாலு கணக்காவது போடட்டும். பரீட்சை முக்கியமில்லையா" என்றாள் வரவேற்பு மேசைக்காரி.

"சரி சரி, போ. வாரத்துக்கு மூணு வகுப்புதானே, அதுல என்ன குடி முழுகிடப் போகுது?"

"அக்கா வெடிதான், ஆனா மனசு தங்கம்" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். அக்காவுக்கு உள்ளூர ஒரு பெருமை. காசு வாங்காமல், முகம் சுளிக்காமல் செய்கிற ஒரே உதவி அது. சரி, முகம் மட்டும் சுளிப்பாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஓர் ஒல்லியான மனிதர் வந்தார். கழுத்தில் விசில். அவர் கையணைப்பில் இன்னொரு நீலச் சீருடை, வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு. முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் மகள்.

பதினான்கு வயது. வீட்டில் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஓரிடத்தில் உட்காராமல் அலமாரி, ஜன்னல், தண்ணீர்த் தொட்டி என்று ஏறியதால் வந்த பெயர். இந்த இரண்டு வருடமாகத்தான் பெயருக்குப் பொருத்தமில்லாமல் சாதுவாகிவிட்டாள். அதற்கும் அம்மாவுக்கு ஒரு பெருமை இருந்தது.

"எங்கேடி விழுந்தே?"

"படியில."

"எத்தனை படி?"

"ஒண்ணு" என்று சொல்லி வாலு அழுதாள்.

ஒரு படி! அவள் அந்த விசில்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் பி.டி. வாத்தியாரா? வாங்க சார், வாங்க. உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். எட்டாவது பிள்ளை சார் இது! ஸ்கூல் நடத்துறீங்களா, எனக்கு ஆள் அனுப்புறீங்களா?"

அவர் வாலுவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். "பிள்ளையைக் கவனிங்க. நாளைக்கு ஸ்கூலுக்கு வாங்க, பேசலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பதில் சொல்ல வாயில்லாமல் ஓடுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். அவர் வழக்கமாக அவ்வளவு நேரம் பார்க்கிறவரில்லை.

"அக்கா, இங்க வாங்க. உடைஞ்ச இடத்தை விடுங்க. இந்த ஓரத்தைப் பாருங்க. எவ்வளவு மெலிசா இருக்கு! இந்த வயசுக்கு இப்படி இருக்கக் கூடாது." வாலுவிடம் கேட்டார். "முன்னாடி எப்பவாவது வலிச்சுதா?"

"பையைத் தூக்கினா வலிக்கும். அம்மாகிட்ட சொன்னேன். எழுதி எழுதி வலிக்குதுன்னாங்க."

டாக்டர் அடுக்கிக்கொண்டே போனார். பால்? இல்லை. காலைச் சாப்பாடு? பாதி நாள் இல்லை. வெயில்? வீடு, வேன், வகுப்பு, ட்யூஷன். ஓட்டம்? வாலு அம்மாவைப் பார்த்தாள். "முழங்கால் வலி" என்று மெதுவாகச் சொன்னாள். அம்மா சட்டென்று, "டாக்டர், மாவு நனைச்சு வெச்சிருக்கேன், கட்டிடட்டுமா?" என்று நடுவில் புகுந்தாள். மாவு இன்னும் பொட்டலத்தில்தான் இருந்தது.

"கட்டுங்க. ரத்தம் எடுக்கணும், எலும்பு அடர்த்தியும் பாக்கணும். ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. எலும்பு கெட்டிப்படுறது இந்த வயசுலதான். சாப்பாடும் வேணும், குதிக்கவும் வேணும், ரெண்டுல ஒண்ணு மட்டும் பத்தாது. மேல கனம் விழுந்தாத்தான் எலும்பு தன்னைக் கெட்டியாக்கிக்கும். நான் உங்களுக்குச் சொல்லணுமா? மாவு ஈரமா இருக்கிறப்பவே அழுத்தினாத்தானே படியும். இவளுக்கு இன்னும் நாலஞ்சு வருஷம்தான் ஈரம். அதுக்குள்ள சேர்த்துட்டாச் சரி. விட்டுட்டா அப்புறம் நான் எத்தனை மாத்திரை குடுத்தாலும் அந்த இடத்தைப் பிடிக்க முடியாது. வயசாக வேண்டாம், நடுவயசுலயே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு இங்க வந்து நிப்பா."

மகளுக்கு அவளே கட்டுப் போட்டாள். இருபது வருடத்தில் ஆயிரக்கணக்கான கைகளைப் பிடித்திருக்கிறாள், இந்தக் கை இவ்வளவு மெலிந்திருப்பது இப்போதுதான் தெரிந்தது. அழியாத மையால் தேதி எழுதினாள். எலும்பின் பெயர் எழுதினாள். 'எப்படி உடைந்தது' என்று எழுதினாள், அதற்கு மேல் பேனா நகரவில்லை. 'ஒரு படி' என்று எழுதக் கோபம் விடவில்லை. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே தன் பெயரைப் போட்டாள். இதற்கு அந்த விசில்காரன் நாளைக்குப் பதில் சொல்லட்டும்.

மறுநாள் காலையில் ரத்தப் பரிசோதனை முடிவைக் கைப்பையில் திணித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். எல்லாம் குறைவு, எல்லாவற்றுக்கும் நேரே சிவப்புக் கோடு. விளையாட்டு அறை மைதானத்தின் மூலையில் இருந்தது. காற்றிறங்கிய பந்துகள், சுருட்டிய வலை, ஒரு மேசை. பி.டி. வாத்தியார் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். சம்பளம் எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டாள். மைதானம் எதற்கு, காக்காய் நடக்கவா என்று கேட்டாள். வளர்கிற பிள்ளைகளை நாற்காலியில் ஊறப்போட்டு எலும்பை ரஸ்க்காக்கி வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டாள். அந்தக் குரலுக்கு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த நாலு பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள்.

வாத்தியார் முழுவதையும் கேட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இது யார் கையெழுத்துங்க?"

முழங்கால் வலி. விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு. முதுகு வலி. விலக்கு. கணுக்கால். விலக்கு. கீழே டாக்டரின் கிறுக்கல், மேலே சாய்ந்து ஓடுகிற அவளுடைய எழுத்து. சிரித்து விழுந்தவளின் பெயர் இருந்தது. பை தடுக்கி விழுந்தவனின் பெயர் இருந்தது. கதவில் கை ஊன்றியவள் பெயரும் இருந்தது. அவள் இப்போது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாப்பத்தொரு பிள்ளைங்களோடது இருக்கு" என்றார் அவர். அவர் குரலிலும் இப்போது சூடு ஏறியிருந்தது. "சீட்டு இருக்கிற பிள்ளையை நான் ஓடவெச்சு, அது விழுந்துட்டா? மூணு தடவை ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். ஆஸ்பத்திரியே எழுதிக் குடுத்திருக்கு, உனக்கென்ன தெரியும்னாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லி, 'அந்த மாவுக்கட்டு அக்காகிட்ட கேளு, உடனே குடுப்பாங்க'ன்னு உங்க பேர் இந்த வட்டாரம் பூராவும் தெரியும். எனக்கு மட்டும்தான் நேத்து வரைக்கும் ஆளைத் தெரியாது."

அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனாள்.

"அடியில இருக்கிறதை விட்டுடுங்கம்மா" என்றார்.

அவள் விடவில்லை. அடியில் மூன்று சீட்டு இருந்தன, ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்று வருடத்துக்கு ஒன்று. மூன்றும் ஒரே பெயர். முதலாவதை எழுதியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கணக்கில் மதிப்பெண் இறங்கிய வாரம் அது. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்க, நின்ற வாக்கிலேயே எழுதி மகளின் பையில் செருகினாள்.

"உங்க பொண்ணு ஆறாம் வகுப்புல எப்படி ஓடுவான்னு தெரியுமா உங்களுக்கு? தொடர் ஓட்டத்துல கடைசி ஆளா அவளைத்தான் போட்டிருந்தேன். இந்தச் சீட்டோட வந்து நின்னா. நிஜமாவே வலிக்குதான்னு கேட்டேன். அம்மா பொய் எழுதினாங்கன்னு ஆயிடக் கூடாதுன்னு அவளுக்கு. 'ஆமா சார்'னு சொல்லிட்டு, போறப்போ நொண்டிக் காட்டினா. அன்னைலேர்ந்து என்னைப் பாத்தாலே நொண்டுவா. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு." அவர் வராந்தாப் பக்கம் கை காட்டினார். "நேத்து நான் வராந்தாவுல வந்தேன். அவ நல்லாத்தான் குதிச்சு இறங்கிக்கிட்டிருந்தா. என்னைப் பாத்துட்டா. கடைசிப் படியில நொண்ட ஆரம்பிச்சா. கால் பிசகிடுச்சு."

அவள் அந்த மூன்று சீட்டையும் கட்டின் அடியில் திரும்பச் செருகினாள். கோபம் போய்விடவில்லை. இத்தனை நாள் ஊரையெல்லாம் அடிக்க ஓங்கிய கை இப்போது தன் பக்கமே திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

வாத்தியாரோடு வெளியே வந்தாள். வராந்தாப் படியில் சீட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் புத்தகம், பக்கத்தில் கோலா பாட்டில், நடுவில் பொதுவாக ஒரு சிப்ஸ் பொட்டலம். வாத்தியார் தலையைக் கண்டதும் தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டிருந்த மூன்று பேர் சட்டென்று நொண்ட ஆரம்பித்தார்கள். ஒருத்தி அவசரத்தில் எந்தக் கால் என்பதை மறந்து, நடு வழியில் காலை மாற்றிக்கொண்டாள். வேறு சமயமாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"இதை எப்படி ரத்து பண்றது?" என்று கேட்டாள்.

"எந்த ஆஸ்பத்திரி குடுத்துச்சோ, அங்கேர்ந்தே கடிதம் வரணும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா."

மத்தியானம் தானே எழுதிய நாற்பத்தொரு ரத்துக் கடிதத்தோடு எலும்பு டாக்டர் முன்னால் போய் நின்றாள். ஒளிக்காமல் சொன்னாள். டாக்டருக்கு அப்படிக் கோபம் வரும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சீட்டுப் புத்தகத்தைப் பிடுங்கித் தன் அலமாரியில் பூட்டினார். "என் கையெழுத்துக்கு மேல என்ன வேணா எழுதுவீங்களா? உங்க மேல நான் மேலிடத்துக்கு எழுதணும், தெரியும்ல?"

"எழுதுங்க டாக்டர். வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்க, அதையும் எழுதுங்க. அதுக்கு முன்னாடி இந்த நாப்பத்தொண்ணுலயும் கையெழுத்துப் போடுங்க. இந்தத் தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

டாக்டர் அவளை முறைத்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். 'முழங்காலில் எந்தக் கோளாறும் இல்லை. ஓடலாம்.' 'முதுகில் எந்தக் கோளாறும் இல்லை. ஓடலாம்.' வாலுவுடையதிலும் கட்டோடு இருக்கிற மற்றப் பிள்ளைகளுடையதிலும் மட்டும் 'கட்டுப் பிரித்து, நான் பார்த்த பிறகு' என்று தன் கையால் சேர்த்தார். செய்தி அதற்குள் வரவேற்பு மேசைக்குப் போய்விட்டது. "என்னக்கா, குடுத்த சீட்டை நீங்களே பிடுங்கிட்டீங்களாமே?" என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மனசு தங்கம் என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டில் வாலு கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒரு தம்ளர் பாலும் இரண்டு அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். வாலு தொடவில்லை.

"ஸ்கூலுக்குப் போனியாமே."

"போனேன்."

"சார் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார். ஏன்டி, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்றதுக்கு என்ன? ரெண்டு வருஷமா நொண்டியிருக்கியே!"

வாலு நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்த கோபம் யாருடையது என்று அம்மாவுக்குத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான். "நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? பையில செருகினே. அன்னைக்குத்தான் டீம்ல பேர் போட்டிருந்தாங்க. நான் ஓடிவந்து சொல்றேன், நீ, 'முதல்ல கணக்குல ஓடு'ன்னே. ஊர்ல எல்லாரையும் திட்டுறியே, இதுக்கு யாரைத் திட்டுவே?"

அம்மா கைப்பையிலிருந்து அழியாத மைப் பேனாவை எடுத்தாள். மகளின் கையைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டு, வெறுமையாக விட்டிருந்த மூன்றாவது வரியில் நிதானமாக எழுதினாள். வாலு தலையைச் சாய்த்துப் படித்தாள்.

'எப்படி உடைந்தது: இல்லாத வலிக்கு நொண்டியதால். வலி என்று எழுதியது அம்மா.'

"ஐயோ, இதை எல்லாரும் படிப்பாங்கம்மா!"

"படிக்கட்டும். அதுக்குத்தான் எழுதினேன். இந்தக் கட்டு பிரிக்கிற வரைக்கும் படிக்கட்டும்."

வாலு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் ஆறி ஏடு படிந்தது. தம்ளரை எடுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். பிறகு அந்தக் கோபமெல்லாம் எங்கே போனதோ, சின்னப் பிள்ளைக் குரலில் கேட்டாள்.

"அம்மா, நாளைக்கு சார் எதிர்ல வந்தா நான் எப்படி நடக்கிறது? எனக்கு மறந்துபோச்சு."